கொரோனா பேட்ச்: ஊரடங்கில் கல்லூரி படித்தவர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துகிறேன். 2020 முதல் 2022 வரை தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்தவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், அவர்களை வேலைக்கு எடுப்பவர்கள் இன்றும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். அந்தப் பிள்ளைகள் இழந்ததை அவர்களுடைய மார்க் ஷீட் மறைத்துவிட்டது. மதிப்பெண் வந்துவிட்டதே, பட்டம் கொடுத்தாகிவிட்டதே என்று நாங்கள் எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். விட்டுப்போனதை அவர்கள் ஒவ்வொருவராகத் தனியே ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கல்லூரிகள் எவ்வளவு காலம் மூடிக் கிடந்தன?

2020 மார்ச் 17 முதல் மார்ச் 31 வரை என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. பிள்ளைகள் இரண்டு செட் துணியோடு ஊருக்குக் கிளம்பினார்கள். மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. அதன்பிறகு டிசம்பர் தொடக்கத்தில்தான் கதவு திறந்தது, அதுவும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கும் மட்டும். மற்ற ஆண்டுகளுக்கு 2021 பிப்ரவரி 8-ல் திறந்தார்கள். ஆறு வாரம் ஓடியிருக்கும்; மார்ச் கடைசியில் திரும்பவும் ஆன்லைன். பிறகு இரண்டாம் அலை. மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. செப்டம்பர் 1-ல் மறுபடி திறந்தது. முதலாமாண்டு பிள்ளைகள் அக்டோபர் 4-ல் வந்தார்கள். 2022 ஜனவரியில் ஒமிக்ரான் பரவியதால் மீண்டும் மூடி, பிப்ரவரி 1-ல் திறந்தோம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் இத்தனை துண்டுகள்.

‘கொரோனா பேட்ச்’ என்று சரியாக யாரைச் சொல்கிறார்கள்?

அந்தப் பெயரை நான் வகுப்பில் சொல்வதில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே அடி விழவில்லை என்பதால் பேட்ச் பேட்சாகப் பார்க்கத்தான் வேண்டும். 2017-ல் சேர்ந்தவர்களுக்குக் கடைசி செமஸ்டர் மட்டும் போனது; பிரிவு விழாகூட இல்லாமல் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். 2018-ல் சேர்ந்தவர்கள் இறுதியாண்டு முழுவதையும் அரைகுறையாகப் படித்தார்கள்.

2019-ல் சேர்ந்தவர்களுக்குத்தான் நடுவிலே பெரிய பள்ளம். மூன்றாவது செமஸ்டர் முழுக்க போனில். நான்காவதில் ஆறு வாரம் கல்லூரி, மிச்சம் போன். ஐந்தாவது பாதியில் திரும்பி வந்தார்கள்.

2020-ல் சேர்ந்தவர்கள் விண்ணப்பம், சேர்க்கை, முதல் வகுப்பு எல்லாவற்றையும் போனிலேயே பார்த்தவர்கள். கல்லூரி கேட்டுக்குள் முதல்முறை கால் வைத்தபோது முதலாமாண்டில் பல மாதம் ஓடியிருந்தது. 2021-ல் சேர்ந்தவர்கள் பிளஸ் டூ பொதுத்தேர்வே எழுதவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டி அவர்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். என்னைக் கேட்டால், அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் 2019-லும் 2020-லும் சேர்ந்த பிள்ளைகள்.

ஆன்லைன் வகுப்பு நடந்ததே, பாடம் முடிந்ததே. பிறகு என்ன குறை?

சிலபஸ் முடிந்தது உண்மை. அட்டெண்டன்ஸும் முழுதாக இருந்தது. கூகுள் மீட்டில் 60 பெயர்கள் வரிசையாகத் தெரியும், ஒரு முகமும் தெரியாது. “கேமரா ஆன் பண்ணுங்க” என்று தொடக்கத்தில் எல்லா ஆசிரியர்களும் சொன்னோம், பிறகு நாங்களாகவே நிறுத்திக்கொண்டோம். கேமரா போட்டால் டேட்டா கரையும். பின்னால் வீடு தெரியும், குறுக்கே போகும் தம்பி தங்கைகள் தெரிவார்கள், அடுப்படிச் சத்தம் கேட்கும். ஒரே அறை வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளையிடம் அதைக் காட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வகுப்பறையில் பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பினால் யாருக்குப் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்துவிடும். கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்தில் இருப்பவன் நோட்டை எட்டிப் பார்ப்பான். அங்கே நிறுத்தி இன்னொரு தடவை சொல்வோம். மீட்டில் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் சாட்டில் ‘யெஸ் மேம்’ ‘யெஸ் மேம்’ என்று கடகடவென வந்து விழும். யாருக்குப் புரிந்தது, யார் போனை அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று தெரியவே தெரியாது.

இன்னொன்றும் உண்டு. கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகள் பாதிப் பாடத்தை எங்களிடம் கற்பதில்லை. வகுப்பு முடிந்ததும் மரத்தடியில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், நன்றாகப் படிக்கும் ஒருத்தியிடம் “இது எப்படிடி வந்துச்சு?” என்று கேட்டுத்தான் கற்கிறார்கள். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து ஆங்கில வழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு இது உயிர்நாடி. ஊரடங்கில் அந்த மரத்தடி அப்படியே போய்விட்டது. அதற்கு மாற்றாக எந்தச் செயலியும் வரவில்லை.

போனும் நெட்டும் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

கொரோனாவுக்கு முன் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி (2017-18) இந்தியக் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தது 14.9 சதவீதத்தில், கணினி இருந்தது 4.4 சதவீதத்தில். தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேருவோர் விகிதம் அப்போதே 50 சதவீதத்தை ஒட்டி இருந்தது, நாட்டின் பெரிய மாநிலங்களில் முன்வரிசை. பெருமைதான். ஆனால் வீட்டில் நெட் இல்லாத ஏராளமான பிள்ளைகள் நம் கல்லூரிகளில் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதற்குள்தான் இருக்கிறது.

பெரும்பாலானோருக்கு ஸ்மார்ட்போன் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்க வேண்டும். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. மகளிர் குழுவில் கடன் வாங்கினார்கள். ஒரு வீட்டில் காலேஜ் அக்காவுக்கும் பத்தாவது தம்பிக்கும் ஒரே போன் என்றால் காலை பத்து மணி வகுப்பு யாருக்கு என்று தினமும் பஞ்சாயத்து. தினம் 1.5 ஜிபி பேக்கில் இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க வீடியோ வகுப்பு பார்க்க முடியாது. கொல்லிமலை, ஜவ்வாது மலை, தாளவாடிப் பக்கமெல்லாம் சிக்னலைத் தேடி மேட்டுக்கும் பாறைக்கும் நடந்தார்கள். மழை வந்தால் அன்றைக்கு வகுப்பு கிடையாது.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் படிக்கும் 9,69,047 பேருக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி டேட்டா கார்டு இலவசம் என்று அறிவித்தார்கள். நல்ல திட்டம். ஆனால் ஆன்லைன் வகுப்பு தொடங்கிப் பல மாதம் ஆன பிறகு வந்தது. சிக்னலே இல்லாத ஊரில் சிம் கார்டு எதற்கும் உதவாது. உண்மையிலேயே கைகொடுத்தது 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்துவந்த விலையில்லா லேப்டாப். அது கையில் இருந்தவர்களுக்கும் வெறும் போனை வைத்துச் சமாளித்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அசைன்மென்டைப் பார்த்தாலே தெரிந்தது.

லேப் இல்லாமல் அறிவியல் பாடம் எப்படி நடத்தினீர்கள்?

நடத்தவில்லை என்பதுதான் நேர்மையான பதில். செய்முறையை வீடியோ எடுத்து அனுப்பினோம். மத்திய அரசின் ‘விர்ச்சுவல் லேப்ஸ்’ தளத்தில் மவுஸை நகர்த்திப் பரிசோதனை செய்யச் சொன்னோம். பிள்ளைகள் அளவீடுகளைப் பார்த்து எழுதி ரெக்கார்டை முடித்தார்கள். ரெக்கார்டு அழகாகவே இருந்தது.

2021 செப்டம்பரில் இரண்டாமாண்டு மாணவர்கள் லேபுக்குள் வந்தபோதுதான் நிலைமை தெரிந்தது. டைட்ரேஷன் (ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை) செய்ய, திரவத்தை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டைக் கையில் எடுத்த பலர் அதன் மேல்வாயைக் கட்டைவிரலால் மூடினார்கள். ஆள்காட்டி விரலால் மூட வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் கட்டுப்பாடு வராது. முதலாமாண்டில் ஒரு மாதத்தில் விரலுக்குப் பழகிவிடுகிற விஷயம் இது. சொட்டு விடும் திருகுக் குழாயான பியூரெட்டைத் திறந்தால் மூட வரவில்லை. நிறம் மாறிக் காட்டும் பினால்ப்தலீன் போட்ட கரைசல் இளஞ்சிவப்பு தட்டும் நொடியில் நிறுத்த வேண்டும். இவர்கள் நிறுத்தும்போது பீட்ரூட் சாறு நிறத்துக்குப் போயிருக்கும். உப்பு ஆய்வில் அம்மோனியா நெடியை மூக்கு கண்டுபிடிக்க வேண்டும், சுடர்ச் சோதனையில் நிறத்தைக் கண் பிடிக்க வேண்டும். வீடியோவில் இவை எதுவும் வராது.

ஒரு மாணவி அமிலப் பாட்டிலின் மூடியைத் திறக்கவே பயந்து நின்றாள். அவளுடைய செய்முறை மதிப்பெண் நாற்பதுக்கு முப்பத்தேழு. அவளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த மதிப்பெண்ணை நாங்கள்தான் போட்டோம், கையில் பிப்பெட் கொடுக்காமலே. பாலிடெக்னிக்கில் லேத் மெஷின் தொடாதவர்கள், நர்சிங்கில் வார்டு பார்க்க வேண்டிய மாதங்களை வீட்டில் கழித்தவர்கள், தொல்லியலில் அகழாய்வுக் குழிக்குள் இறங்காதவர்கள் என்று ஒவ்வொரு துறையிலும் இப்படி ஒன்று உண்டு.

வீட்டிலிருந்தே எழுதிய தேர்வு எல்லாம் காப்பிதானே?

நிறைய காப்பி நடந்தது. மறைத்துப் பயனில்லை. அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டு பேசினால் நல்லது.

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு மாதிரி நடத்தியது. அண்ணா பல்கலைக்கழகம் 2020 செப்டம்பரில் இறுதி செமஸ்டருக்கு ஒரு மணி நேரக் கொள்குறித் தேர்வு வைத்தது; கேமரா வழியாக மென்பொருள் கண்காணித்தது. கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் வினாத்தாள் போனுக்கு வரும். ஏ4 தாளில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் பதிவெண் போட்டு, போனிலேயே ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கிக் குறித்த நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். (எல்லோரும் வைத்திருந்த கேம்ஸ்கேனர் செயலியை 2020 ஜூன் 29-ல் தடை செய்த 59 சீனச் செயலிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், வேறு செயலி தேடிப் பழக வேண்டியிருந்தது.) ஏற்றியது போதாதென்று விடைத்தாளைத் தபாலிலும் அனுப்பச் சொன்ன இடங்கள் உண்டு. எழுதியதைவிட ஏற்றியதில்தான் அதிகம் வியர்த்தது என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

மென்பொருள் கண்காணிப்பும் நியாயமாக நடந்ததாகச் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய ஆன்லைன் செமஸ்டர் தேர்வில் ஏராளமானோர் தோல்வி, பலருக்கு முறைகேடு என்று முடிவு நிறுத்திவைப்பு. நாங்கள் தவறே செய்யவில்லை, சிக்னல் விட்டுவிட்டு வந்தது, பக்கத்தில் ஆள் நடந்தார்கள் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். கடைசியில் புதிய அரசு வந்தபின் அந்தத் தேர்வுக்கு மறுதேர்வு வாய்ப்பு கொடுக்க வேண்டியதாயிற்று.

புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்ற சூழலில், புத்தகத்தில் அப்படியே விடை இருக்கிற கேள்விகளை நாம்தான் கேட்டோம். யோசித்து எழுத வைக்கும் கேள்விகளைத் தயாரிக்க நேரமும் பயிற்சியும் யாரும் கொடுக்கவில்லை. பழைய வினாத்தாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காப்பி அடித்தான் என்று பையனை மட்டும் சொல்வது சரியில்லை.

‘அரியர் ஆல் பாஸ்’ விவகாரம் என்ன ஆனது?

2020 ஜூலையில் இறுதி செமஸ்டர் தவிர மற்றவர்களுக்கு அந்தப் பருவத் தேர்வு ரத்து என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஆகஸ்ட் 26-ல் இன்னொரு அறிவிப்பு: தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியர் (முன்பு தோற்று மறுபடி எழுத வேண்டிய) பாடங்களிலும் தேர்ச்சி. ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிக் கொண்டாடினார்கள். அடுத்த இரண்டாவது நாள், இறுதியாண்டுத் தேர்வு இல்லாமல் பட்டம் கொடுக்கக் கூடாது என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) நிலையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அரியர் தேர்ச்சியைத் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் யு.ஜி.சி.யும் ஏற்கவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2021 ஏப்ரலில், தேர்வு ஏதோ ஒரு வகையில் நடத்தித்தான் ஆக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

இடையில் ஏழெட்டு மாதம் அந்தப் பிள்ளைகள் பாஸா ஃபெயிலா என்று தெரியாமல் தொங்கினார்கள். ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டுக்குக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். கொண்டாடியவர்களைக் கிண்டல் செய்து மீம் போட்டார்கள். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. பல வருடம் ஒரே பேப்பரை எழுதி எழுதிச் சோர்ந்த ஒருவனுக்கு அரசு ஒரு வாக்கு கொடுத்து, அது நிற்காமல் போனது.

2021 நவம்பரில் நேரடித் தேர்வு வேண்டாம் என்று போராடினார்களே, அது நியாயமா?

பாதி நியாயம். பாடத்தைப் பெருமளவு ஆன்லைனில் நடத்திவிட்டுத் தேர்வை மட்டும் ஹாலில் எழுது என்றால் பயம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து இன்னொரு ஆன்லைன் தேர்வு அல்ல. இரண்டு மாதம் கூடுதலாகப் பாடம் நடத்தியிருக்க வேண்டும். ஒமிக்ரான் வந்து விவாதத்தையே முடித்துவைத்தது, 2022 பிப்ரவரியில் மறுபடி வீட்டிலிருந்தே எழுதினார்கள்.

அதற்கடுத்த செமஸ்டரில் ஹாலுக்கு வந்தபோது நான் கவனித்தது எழுத்து வேகத்தை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேனா பிடிப்பது உடம்புக்குப் பழகவேண்டிய வேலை. இரண்டாவது மணி நேரத்தில் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்த விடையையும் முடிக்க முடியாமல் மணியடித்தது.

மாணவர்களின் மனநலம் எவ்வளவு பாதிக்கப்பட்டது?

உலகம் முழுக்க ஒரே மாதிரியான செய்திதான் வந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2020-ல் 195 மாணவர்களைப் பேட்டி எடுத்தபோது 71 சதவீதம் பேர் தொற்றுக்காலத்தில் மன அழுத்தமும் பதற்றமும் கூடியதாகச் சொன்னார்கள். குடும்பத்தாரின் உடல்நிலை பற்றிய பயம், கவனம் நிற்காமை, தூக்கம் கெடுதல், ஆள் பழக்கம் குறைதல், படிப்பைப் பற்றிய கவலை ஆகியவை அவர்கள் சொன்ன காரணங்கள். நம் பிள்ளைகளும் இதையேதான் சொன்னார்கள். கூடவே வீட்டில் காசில்லை என்பதும் இருந்தது.

இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்களின் எண்ணிக்கை, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2019-ல் 10,335, 2020-ல் 12,526, 2021-ல் 13,089. இதில் பள்ளி மாணவர்களும் அடக்கம். எல்லாவற்றுக்கும் ஊரடங்கே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கல்லூரி மூடியிருந்த காலத்தில், ஒரு பிள்ளை சரியாக இல்லை என்பதை முதலில் கவனிக்கிற ஆட்கள், அதாவது பெஞ்ச் மேட், ஹாஸ்டல் ரூம்மேட், லேப் அட்டெண்டர், பக்கத்தில் இல்லை என்பது நிச்சயம். ஒருத்தி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்பது மெஸ்ஸில் தெரிந்துவிடும். மீட்டில் அவள் ‘பிரசென்ட் மேம்’ என்று டைப் செய்திருப்பாள்.

இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்கும் பழக்கம் அப்போது பலருக்கு வந்தது. சில பையன்கள் ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டார்கள், அதை அடைக்க லோன் ஆப்பில் கடன் வாங்கினார்கள், போன் கான்டாக்டில் இருக்கும் எல்லோருக்கும் மிரட்டல் அழைப்பு போனது. 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு அவசரச் சட்டத்தால் தடை கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை அடுத்த ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதற்குள் எத்தனையோ வீடுகளில் கடன் ஏறியிருந்தது.

பெண் பிள்ளைகளுக்கு என்ன வித்தியாசம்?

நிறைய. கல்லூரிக்கு வரும் ஐந்தாறு மணி நேரம் ஒரு பெண்ணுக்கு வீட்டு வேலையிலிருந்து கிடைக்கும் விடுதலை. வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாள் என்றதும் “வீட்ல சும்மாத்தானே இருக்க” என்று தண்ணீர் எடுப்பது முதல் ஆடு ஓட்டுவது வரை எல்லாம் அவள் தலையில். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு துணி துவைத்தபடி பாடம் கேட்டவர்களை எனக்குத் தெரியும். போனை அதிகம் பார்க்கிறாள் என்று பிடுங்கி வைத்த வீடுகளும் உண்டு, அதே போனில்தான் வகுப்பு.

அப்புறம் கல்யாணம். ஐம்பது பேரோடு முடிக்கலாம், செலவு குறைவு, படிப்பும் நின்றுதானே கிடக்கிறது என்று அவசர அவசரமாக முடித்தார்கள். கல்லூரி திறந்தபோது வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது, சில பெண்கள் வரவில்லை. பிறகு கைக்குழந்தையோடு வந்து அரியர் எழுதி முடித்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஹாஸ்டல் மாணவர்கள்?

சென்னையில் 2020 ஜூனில் அண்ணா பல்கலைக்கழக விடுதிகளை மாநகராட்சி கொரோனா மையமாக எடுத்துக்கொண்டது. ஊரில் இருந்த மாணவர்களின் பொருட்கள் உள்ளே இருந்தன. புத்தகம், சான்றிதழ், லேப்டாப் எல்லாம் அறையில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லா ஊர்களிலும் இருந்தார்கள். ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் தங்கிப் படித்தவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் போனது. அந்த வேளைச் சாப்பாட்டை வைத்துத்தான் பல வீடுகளில் பிள்ளையைக் கல்லூரிக்கே அனுப்புகிறார்கள்.

விடுதியை அவசரமாகத் திறப்பதிலும் ஆபத்து இருந்தது. 2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பரவி மறுபடி எல்லோரையும் அறைக்குள் அடைக்க வேண்டி வந்தது.

படிப்பை விட்டு வேலைக்குப் போனவர்கள் திரும்பினார்களா?

சிலர் திரும்பினார்கள். பெயிண்டிங், டைல்ஸ், தறி, நூறு நாள் வேலை, டெலிவரி என்று பல வேலைக்குப் போயிருந்தார்கள். ‘கொஞ்ச நாளைக்கு’ என்றுதான் போனார்கள். கையில் தினம் காசு பார்த்தபிறகு, அதிலும் அப்பாவுக்கு வேலை இல்லாத வீட்டில், திரும்பி வந்து பெஞ்சில் உட்காருவது கடினம்.

பெற்றோரை இழந்த மாணவர்களுக்கு உதவி கிடைத்ததா?

2021 மே கடைசியில், கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, பட்டப்படிப்பு வரை கல்விச் செலவு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம். மிகத் தேவையான உதவி. ஆனால் இவை 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானவை. இரண்டாமாண்டு படிக்கும்போது சம்பாதிக்கும் அப்பாவை இழந்த 19 வயதுப் பையன் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றான். வயதில் பெரியவன், வருமானம் இல்லை, தங்கை பள்ளியில் படிக்கிறாள். காரியம் முடிந்த அடுத்த வாரமே இன்டர்னல் எழுதியவர்கள் உண்டு. அவர்களைத் தனியாக உட்காரவைத்துப் பேச எந்தக் கல்லூரியிலும் முறையான ஏற்பாடு இருந்ததாக நான் பார்க்கவில்லை.

ஆராய்ச்சி மாணவர்கள்?

யு.ஜி.சி. ஆய்வேடு சமர்ப்பிக்கும் கெடுவைப் பலமுறை நீட்டித்தது. கெடு நீண்ட வேகத்தில் உதவித்தொகை நீளவில்லை; வளர்த்து வைத்திருந்த செல்களும் பூஞ்சைகளும் மூடிய லேபில் செத்துப்போயின.

நன்மை என்று ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் என்ற இலவச ஆன்லைன் தளங்களின் பாடங்களை அதுவரை பொறியியல் மாணவர்கள்தான் அதிகம் பார்த்தார்கள். ஊரடங்கில் கலைக் கல்லூரிப் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. தன் ஆன்லைன் பட்டப்படிப்பை 2020 ஜூனில் தொடங்கியது. பதிவு செய்த பாடத்தை நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை கேட்க முடிந்தது என்று சொன்ன கூச்ச சுபாவப் பிள்ளைகளும் உண்டு. வகுப்பில் கை தூக்கியே இருக்காதவர்கள் சாட்டில் தனியாகச் சந்தேகம் கேட்டார்கள். இதையெல்லாம் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆண்டுகளில் பட்டம் வாங்கியவர்களை வேலைக்கு எடுக்கலாமா? (மனிதவள அலுவலர் ஒருவர் கேட்டது)

எடுங்கள். 2021 ஆகஸ்டில் ஒரு தனியார் வங்கியின் நேர்முகத் தேர்வு விளம்பரத்தில் ‘2021-ல் முடித்தவர்கள் தகுதியில்லை’ என்று வந்து பெரிய கொதிப்பு ஏற்பட்டது. அச்சுப்பிழை என்று வங்கி விளக்கம் சொன்னது. அது பிழையாக இருந்தாலும், பல அலுவலகங்களில் மனதுக்குள் அப்படி ஒரு கோடு இருந்ததை என் மாணவர்கள் நேர்காணலில் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்.

அவர்களுடைய மதிப்பெண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கையில் வேலையைக் கொடுத்துப் பாருங்கள், பழக இரண்டு மாதம் கொடுங்கள். பிப்பெட்டைக் கட்டைவிரலால் மூடிய அதே பிள்ளைகள், தினமும் மாலை லேபைத் திறந்து வைத்தபோது, ஒரு பருவத்துக்குள் தேறிவிட்டார்கள். பயிற்சி கிடைக்காமல் போனதுதான் குறை. புத்தி எங்கேயும் போய்விடவில்லை.

நான் அந்த பேட்ச். பட்டம் இருக்கிறது, நம்பிக்கை இல்லை. இப்போது என்ன செய்யலாம்?

முதலில், எது விட்டுப்போனது என்று பேப்பரில் பாடம் பாடமாக எழுதுங்கள். ‘எனக்கு ஒன்றுமே தெரியாது’ என்ற நினைப்பு பெரும்பாலும் தவறு. உட்கார்ந்து எழுதினால் நான்கைந்து தலைப்புகளும் சில கைவேலைகளும்தான் மிஞ்சும். தலைப்புகளை என்.பி.டி.இ.எல்.லில் இலவசமாகவே பார்க்கலாம். கைவேலைக்கு உங்கள் பழைய துறைத் தலைவரிடம் போய்க் கேளுங்கள். விடுமுறையில் இரண்டு வாரம் லேபில் நிற்க அனுமதி கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். கேட்க வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. உங்களை அழைத்திருக்க வேண்டியது நாங்கள்.

போட்டித் தேர்வு எழுதுபவர் என்றால் தினம் ஒரு மணி நேரம் கடிகாரம் வைத்துக் கையால் எழுதுங்கள். டைப் செய்வதை இதில் சேர்க்க வேண்டாம்.

தூக்கம் இன்னும் சரியாகவில்லை, ஆட்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் அது; எந்த நேரமும் கிடைக்கும், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போட்டுவிட்டு நேராகப் போய்ப் பார்க்கலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பழைய வகுப்புத் தோழர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.